மவுண்ட் மேரிக்கு முட்டிவலியோடு அம்மா: திருவிழா வாரத்தில் போகலாமா, சாதாரண நாளில் போகலாமா?

கோலிவாடா_முத்து:
செப்டம்பரில் திருநெல்வேலியிலிருந்து அம்மா வருகிறார். மும்பை பாந்த்ராவில் இருக்கும் மவுண்ட் மேரி மாதா கோவிலில் மெழுகால் செய்த கால் உருவத்தைக் காணிக்கையாக வைப்பதாக நேர்த்தி. வயது 68, இரண்டு முட்டியும் தேய்மானம், பத்துப் படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். கூடவே சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். சயான் கோலிவாடாவிலிருந்து கிளம்புவோம். திருவிழா சமயத்திலேயே போய்விட வேண்டும் என்கிறார். கோவில் வாசல் வரை ஆட்டோ போகுமா, இல்லை மலையேற வேண்டுமா? மெழுகு உருவத்தை எங்கே வாங்கி எப்படி வைப்பது? 500 வருஷக் கோவில் என்கிறார்களே, உள்ளே பார்க்க வேண்டியது என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கும்பார்வாடா_அண்ணாச்சி:
தம்பி, முதலில் நாளைப் பாருங்க. மாதா பிறந்தநாள் செப்டம்பர் 8. பாந்த்ரா திருவிழா அதற்கடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி மறு ஞாயிறு வரை நடக்கும். 8ஆம் தேதியே ஞாயிறாக அமைந்தால் அன்றைக்கே தொடக்கம். வேளாங்கண்ணியில் 8ஆம் தேதியோடு விழா முடிந்துவிடும், இங்கே அதற்குப் பிறகுதான் களைகட்டும். ஊர்க்காரங்க தேதியில் குழம்புவது இதனால்தான்.

சாதாரண நாளில் மலையேறவே வேண்டாம். தார் ரோடு கோவில் முன்னாடி வரை போகுது, ஆட்டோ அங்கேயே இறக்கிவிடும். அடிவாரத்திலிருந்து ஏறுகிற பழைய படிக்கட்டு ஒன்று உண்டு, போமன்ஜி என்கிற பார்சிக்காரர் பெயரில். நடக்க முடிந்தவங்களுக்கு அது நல்ல வழி. அம்மாவுக்கு ஆகாது.

திருவிழா வாரத்தில் கதை வேற. கோவிலுக்கு ஏறும் ரோடுகளில் வண்டியை விட மாட்டாங்க, சுற்றி இருக்கும் தெருக்களை ஒருவழி ஆக்கிடுவாங்க. ஆட்டோக்காரர் ஹில் ரோடு பக்கம் எங்கேயாவது இறக்கிவிட்டுட்டுப் போயிடுவார். மிச்சத்தைக் கூட்டத்தோட நடந்துதான் ஏறணும். ஏற்றம் ரொம்பச் செங்குத்தில்லை. ஆனா நடுவில் உட்கார இடம் கிடைக்காது, நின்னா பின்னாடி வர்றவங்க தள்ளுவாங்க. முட்டிவலிக்காரங்களுக்குத் தொந்தரவு மலையால் இல்லை, இந்தக் கூட்டத்தால்தான்.

ரயிலில் போகணும்னா தாதரில் மாற வேண்டாம். அந்தப் பாலமும் படியும் அம்மாவுக்குத் தண்டனை. உங்க பக்கத்து ஜிடிபி நகர் ஸ்டேஷனில் ஹார்பர் லைன் லோக்கல் வண்டி ஏறி வடாலா ரோடில் இறங்கி, அங்கே பாந்த்ரா, அந்தேரி, கோரேகாவ் என்று போட்ட வண்டி எதில் ஏறினாலும் கிங்ஸ் சர்க்கிள், மாஹிம் வழியா பாந்த்ரா. ஞாயிறு பகலில் ஹார்பர் லைனில் மெகா பிளாக் போடுவாங்க (பராமரிப்பு வேலைக்காக வண்டிகளை நிறுத்தி வைப்பது), முந்தின நாளே பார்த்துக்குங்க. அதைவிடச் சுலபம் வீட்டு வாசலிலேயே டாக்சி பிடிப்பது. சயான், தாராவி டி ஜங்ஷன், கலாநகர் வழியா நேரே போயிடலாம். "பாந்த்ரா வெஸ்ட், மவுண்ட் மேரி சர்ச்" என்று முழுசா சொல்லுங்க. வெறும் பாந்த்ரா என்றால் ஈஸ்டில் டெர்மினஸ் பக்கம் இறக்கிவிட வாய்ப்பு உண்டு. கோவில் மேற்கில், ஸ்டேஷனிலிருந்து சுமார் 2.5 கி.மீ.

ஜெசிந்தா_மாஹிம்:
மெழுகு விஷயத்தை நான் சொல்கிறேன். ஸ்டேஷனிலோ வழியிலோ வாங்காதீர்கள். கோவிலை ஒட்டிய கடைகளில் எல்லா உருவமும் கிடைக்கும்: கை, கால், கண், இதயம், குழந்தை, வண்டி, விமானம் கூட. கண்ணில் அதிகம் படுவது வீடுதான். மும்பையில் மனிதர்கள் மாதாவிடம் வேறு எதைக் கேட்பார்கள்!

கடைக்காரர் பூ, மாலை, மெழுகுவர்த்தி எல்லாம் சேர்த்து ஒரு செட்டாகக் கையில் திணிப்பார். உங்களுக்கு வேண்டியது கால் மட்டும்தான் என்றால் அதை மட்டும் கேளுங்கள், கொடுப்பார்கள். இரண்டு முட்டியும் என்பதால் இரண்டு கால் வாங்குங்கள். வாங்கும்போதே கணுக்காலைப் பாருங்கள், மெலிந்த இடம், முதலில் ஒடிவது அங்கேதான். மயிர்க்கோடு மாதிரி விரிசல் தெரிந்தால் வேறு கேளுங்கள். பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டால் நெரிசலில் நசுங்கும். செய்தித்தாளில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள். பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது.

இன்னொன்று, பலர் உருவத்தையே கொளுத்தப் பார்ப்பார்கள். அது பெரும்பாலும் காணிக்கையாக வைப்பதற்குத்தான். ஏற்றுவதற்குச் சாதாரண மெழுகுவர்த்தி தனியாக வாங்கி, வெளியே அதற்கென்று இருக்கும் இடத்தில் ஏற்றுங்கள். செப்டம்பரில் மழை விட்டிருக்காது, கடல் காற்றும் அடிக்கும். தீப்பெட்டியை நம்பாமல், பக்கத்தில் எரிகிற திரியிலிருந்து பற்றவைப்பதுதான் நடக்கிற காரியம். தாவணி, துப்பட்டா நுனி பத்திரம்.

வேளாங்கண்ணி பழக்கத்தில் தகட்டு உருவம் தேடாதீர்கள், இங்கே மெழுகுதான். மொட்டை போடும் வழக்கமும் இல்லை.

ரோட்டுக்கு எதிர்ப்புறம் பாத்திமா மாதா கெபி (குகை வடிவச் சிற்றாலயம்) இருக்கிறது. அதற்குப் படியேற வேண்டும். அம்மா கீழேயே நின்று கும்பிட்டுக்கொள்ளட்டும், பிள்ளைகளை மட்டும் மேலே கூட்டிப் போங்கள்.

பழையகோட்டை:
500 வருஷம் என்பது இடத்துக்குத்தான், கட்டடத்துக்கு இல்லை. அதுவும் கொஞ்சம் கூட்டிச் சொன்னது. இயேசு சபையார் இந்த மேட்டில் சிற்றாலயம் அமைத்தது 1570இல். 1700இல் அரபுக் கடற்கொள்ளையர் மாதா சுரூபத்தின் (சிலையின்) கையிலிருந்த பொன்முலாம் பூசிய பொருளுக்காக வலது கையையே வெட்டினார்கள். 1760இல் கோவிலைத் திரும்பக் கட்டினார்கள். இன்று நாம் பார்க்கும் இரட்டைக் கோபுரக் கல் கட்டடம் 1904இல் முடிந்தது, ஷாபூர்ஜி சந்தாபாய் கட்டியது. பசிலிக்கா என்ற பட்டம் இன்னும் பிந்தியது: 1954, போப் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) கொடுத்தார். ஆகவே உள்ளே போர்த்துகீசிய காலத்துச் சுவர் தேடினால் ஏமாற்றம்தான். பார்க்க வேண்டியது பீடத்தின் மேலிருக்கும் மாதா சுரூபம். கோலி மீனவர்கள் 'மோத் மாவுலி' என்று கும்பிடுவது இவரைத்தான். சுரூபம் கடலில் மீனவர் ஒருவருக்குக் கிடைத்தது என்று ஒரு கதையும் சொல்வார்கள். அது ஹில் ரோட்டில் இருக்கும் புனித அந்திரேயா கோவில் சுரூபத்தோடு சேர்ந்த கதை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மேலிருந்து நகரம் முழுக்கத் தெரியும் என்று நம்பியும் போகாதீர்கள். மேடு கடல்மட்டத்திலிருந்து 80 மீட்டர் அளவுதான், மரமும் அடுக்குமாடியும் பாதியை மறைத்துவிட்டன. சீ லிங்க் கடல் பாலமும் வோர்லியும் நன்றாகத் தெரிய வேண்டுமானால் அங்கிருந்து ஆட்டோவில் லேண்ட்ஸ் எண்ட் போய் பாந்த்ரா கோட்டையைப் பாருங்கள். 1640இல் போர்த்துகீசியர் கட்டிய காவல்கோட்டை. அங்கேயும் படிகள் உண்டு, அதனால் அம்மாவைக் கீழே கடலைப் பார்த்து உட்காரவைத்துவிடலாம். சாயங்காலம் பேண்ட்ஸ்டாண்ட் கடலோர ரோடு வழியாகத் திரும்பினால் நடிகர் ஷாருக் கானின் வீடான மன்னத் முன்னால் நிற்கும் ரசிகர் கூட்டத்தில் ஆட்டோ மாட்டும்.

கோலிவாடா_முத்து:
எல்லோருக்கும் நன்றி. அம்மா திருவிழாதான் வேண்டும் என்று நிற்கிறார். குறைந்த சிரமத்தில் எப்படி முடிக்கலாம்? அதே பயணத்தில் மாஹிம் புனித மைக்கேல் கோவிலில் புதன்கிழமைதோறும் நடக்கும் நவநாள் ஜெபத்தையும் சேர்த்துக்கொள்ளலாமா?

ஜெசிந்தா_மாஹிம்:
சேர்க்காதீர்கள். புதன்கிழமை புனித மைக்கேல் கோவில் பக்கம் எல்.ஜே. ரோடு முழுக்க நெரிசல். அதைத் தாண்டிப் பாந்த்ரா போவதற்குள் அம்மா சோர்ந்துவிடுவார். இரண்டையும் வெவ்வேறு நாளில் வையுங்கள்.

திருவிழா என்றால் இரண்டு ஞாயிறையும் சனிக்கிழமை மாலையையும் விட்டுவிடுங்கள். திங்கள், செவ்வாய் காலை முதல் பூசைக்குப் போனால் கூட்டம் இருக்கும், ஆனால் நகரும். பத்து மணிக்கு மேல் வரிசை நீள ஆரம்பிக்கும். பெரிய பை வேண்டாம், போலீஸ் சோதனையில் நேரம் போகும். அம்மாவுக்கு மடக்கு ஸ்டூல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். திருவிழாவுக்கு முந்தைய 9 நாள் நவநாளிலும் கடைகள் கொஞ்சம் முளைத்திருக்கும், ஜெபமும் அதே ஜெபம்தான். அம்மா மனசு அதற்கு ஒப்பினால் எனக்கு அதுவே சரி.

கும்பார்வாடா_அண்ணாச்சி:
திருவிழா நாளில் திரும்பி வர கோவில் பக்கம் ஆட்டோ தேடாதீங்க தம்பி. மெதுவா இறங்கி ஹில் ரோடு வந்து, ஸ்டேஷன் பக்கம் போற பெஸ்ட் பஸ் (மும்பை மாநகர பஸ்) பிடிங்க, அந்த வாரம் கூடுதலா விடுவாங்க. இறங்கும் வழியில் பிள்ளைகளுக்குக் கடியோ போடியோ வாங்கிக் கொடுங்க. வெல்லப்பாகு பூசிய கடலைமாவு முறுக்கு மாதிரி இருக்கும். அம்மா பல் செட் போட்டிருந்தா அவருக்கு மட்டும் வேண்டாம், கல்லு மாதிரி கடிக்கும்.