படைப்பிரிவுச் சின்னத்தில் எவ்வளவு அர்த்தத்தைத் திணிப்பது?

வரைகோல்:
இப்போது வருகிற சின்னங்களில் வாள், மின்னல், சிறகு, மலை, கீழே ஒரு வாசகம் என்று எல்லாமே இருக்கின்றன. பத்தடி தள்ளி நின்றால் எதுவுமே தெரிவதில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையின் 5ஆவது டிவிஷனுக்குக் கறுப்புப் பின்னணியில் ஒரு சிவப்பு வட்டம், அவ்வளவுதான். 'நெருப்புப் பந்து' என்று பெயரே வந்துவிட்டது. புழுதி படிந்த லாரியிலும் அடையாளம் தெரியும்.

பழஞ்சேவகன்:
வட்டத்தைப் பார்த்து யாருக்கு உடம்பு சிலிர்க்கும்? அமெரிக்காவின் 101ஆவது வான்வழி டிவிஷனின் சின்னத்தில் இருப்பது 'ஓல்ட் ஏப்' என்ற நிஜக் கழுகு. உள்நாட்டுப் போரில் விஸ்கான்சின் 8ஆவது ரெஜிமெண்ட் களத்துக்குக் களம் தூக்கிக்கொண்டு போனது. திறந்த மஞ்சள் அலகு, உள்ளே சிவப்பு நாக்கு. அலறுவது போலவே இருக்கும். தோளில் தைத்துக்கொள்பவனுக்கு இப்படி ஒரு முன்னோடி வேண்டும்.

வரைகோல்:
கழுகும் ஒரே உருவம்தானே ஐயா. கதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதைத் துணியில் ஏற்றாதீர்கள் என்கிறேன். 82ஆவது டிவிஷனில் எல்லா மாநிலத்து வீரர்களும் இருந்ததால் 'ஆல் அமெரிக்கன்' என்று பெயர். சின்னத்தில் வைத்தது இரண்டே எழுத்து.

கல்வெட்டு:
எளிமைக்கும் ஒரு ஆபத்து உண்டு. அமெரிக்காவின் 45ஆவது டிவிஷன் முதலில் அணிந்தது சிவப்புப் பின்னணியில் மஞ்சள் ஸ்வஸ்திகா. அது பூர்வகுடி மக்களின் நற்சின்னம். நாஜிகள் அதே வடிவத்தைக் கொடியில் ஏற்றியபின் வைத்திருக்க முடியுமா? 1939இல் இடிப்பறவைக்கு மாறினார்கள். நிறங்கள் மட்டும் அப்படியே.

வரைகோல்:
நான்கு வாளும் ஒரு மலையும் சேர்த்திருந்தால் மட்டும் தப்பியிருக்குமா? மாற்றும்போதும் ஒற்றை உருவத்தைத்தானே எடுத்தார்கள்.

பழஞ்சேவகன்:
அந்த உருவமும் பூர்வகுடிகளின் தொன்மத்திலிருந்துதான் வந்தது. வேரை விட்டுவிடாமல் மாற்றியதால்தான் ஒட்டிக்கொண்டது. சரி, இன்னொன்று கேட்கிறேன். களத்து உடையில் நிறங்களை மங்கலாக்கிப் பச்சையும் கறுப்புமாக்கும்போது உங்கள் சிவப்பு வட்டம் என்ன ஆகும்? வெறும் வட்டு. கழுகு அப்போதும் கழுகுதான், அலகின் வளைவே காட்டிக்கொடுத்துவிடும்.

வரைகோல்:
அப்படியென்றால் வெளிக்கோட்டை வைத்தே முடிவு செய்வோம். எந்தச் சின்னத்தையும் ஒரே நிறத்தில், கட்டைவிரல் அகலத்துக்குச் சுருக்கி அச்சிட்டுப் பாருங்கள். உங்கள் கழுகு அதில் தாராளமாகத் தேறும். நான் சொன்ன வாள், மின்னல், சிறகுக் கலவையில் எது தேறும்?