புளூபில் போர்டில் இஎஸ்பி-01 வைஃபை மாட்யூல் ‘ஏடி’ கட்டளைக்குப் பதில் தரவில்லை

கேள்வி

வணக்கம். மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் கைப்பேசியில் பார்ப்பதற்காக, எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகண்ட்ரோலர் சிப் உள்ள புளூபில் போர்டுடன் இஎஸ்பி-01 மாட்யூலை இணைத்திருக்கிறேன். மாட்யூலைத் தனியாக யூஎஸ்பி சீரியல் அடாப்டரில் மாட்டி, 115200 பாட் வேகத்தில், மாட்யூல் பேசத் தயாரா என்று சோதிக்கும் ‘ஏடி’ கட்டளையை அனுப்பினால் உடனே ‘ஓகே’ வருகிறது. அதையே போர்டில் பொருத்தியதும் நீல விளக்கு ஒரே ஒரு முறை மின்னி அணைந்துவிடுகிறது. அதன்பின் எத்தனை முறை ‘ஏடி’ அனுப்பினாலும் ஓர் எழுத்துகூடத் திரும்பி வருவதில்லை.

மாட்யூலின் டிஎக்ஸ் (அனுப்பும்), ஆர்எக்ஸ் (பெறும்) பின்கள் முறையே பிஏ3, பிஏ2-க்குச் செல்கின்றன. ரீசெட் பின் பிபி1-இலும், பின்னாளில் போர்டு வழியாகவே ஃபர்ம்வேர் (மாட்யூலின் உள் மென்பொருள்) ஏற்றலாம் என்ற எண்ணத்தில் ஜிபிஐஓ0 பின் பிபி0-இலும் இணைக்கப்பட்டுள்ளன. மாட்யூலை இயக்கத்தில் வைக்கும் சிஎச்-பிடி பின் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டில் இருக்கிறது. நிரல் தொடங்கியதும் மாட்யூலை ஒரு முறை ரீசெட் செய்துவிட்டே பேசத் தொடங்குகிறேன். கம்பிகளை மாற்றிப் பார்த்தேன், 9600 வேகத்தில் முயன்றேன், புதிய மாட்யூல் ஒன்றும் வாங்கிப் பார்த்தேன். மூன்று நாள் மாலைகள் இதிலேயே போய்விட்டன. எங்கே தேடுவது என்று வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1

மின்சாரம் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? போர்டின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து என்றால் முதலில் அதை மாற்றுங்கள். மாட்யூலில் உள்ள இஎஸ்பி8266 சிப், 802.11பி என்ற வைஃபை முறையில் அனுப்பும்போது சுமார் 170 மில்லியாம்பியர் எடுக்கும். கண நேரத்துக்கு அதற்கு மேலும் இழுக்கும். அப்போது ஏற்படும் மின்னழுத்தச் சரிவு மல்டிமீட்டரில் தெரியாது. 5 வோல்ட்டிலிருந்து தனியாக ஓர் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் வைத்து, 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை மாட்யூலின் கால்களுக்கு ஒட்டியே சால்டர் செய்யுங்கள். கிரவுண்ட் இரண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

கேட்டவர்

போர்டின் பின்னிலிருந்துதான் எடுத்திருந்தேன். நண்பரின் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தபோது மின்னழுத்தம் 2.7 வோல்ட் வரை விழுந்தது. ரெகுலேட்டரும் கெப்பாசிட்டரும் வைத்தபின் 3.2-க்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் மாட்யூல் இன்னமும் மௌனமாகவே இருக்கிறது.

மறுமொழி 2

ரெகுலேட்டரை எடுத்துவிடாதீர்கள், அது தேவைதான். இனி நீங்கள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, மாட்யூல் விழிக்கும்போது தானாக என்ன சொல்கிறது என்று கேளுங்கள். சிப்பின் உள்ளே இருக்கும் பூட் நிரல், 40 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருப்பதாகக் கொண்டு 115200 வேகத்தைக் கணக்கிடுகிறது. மாட்யூலில் இருப்பதோ 26 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் என்பதால், அந்த முதல் வரி 74880 வேகத்தில்தான் வெளிவருகிறது. அடாப்டரின் ஆர்எக்ஸ் கம்பியையும் கிரவுண்டையும் மட்டும் மாட்யூலின் டிஎக்ஸ் பக்கம் கொடுத்து, ஆர்டுயினோ சீரியல் மானிட்டரில் 74880-ஐத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். போர்டின் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தும் ஒரு முறை பாருங்கள்.

கேட்டவர்

வழக்கம்போல் இயக்கினால் கடைசியாக வருவது: ‘ஆர்எஸ்டி காஸ் 2, பூட் மோடு (1,7)’. பொத்தானைப் பிடித்துக்கொண்டு மின்சாரம் கொடுத்தால்: ‘ஆர்எஸ்டி காஸ் 1, பூட் மோடு (3,7)’.

மறுமொழி 2

பழுது பிடிபட்டுவிட்டது. பூட் மோடின் முதல் எண், ஜிபிஐஓ15, ஜிபிஐஓ0, ஜிபிஐஓ2 என்ற மூன்று பின்களும் விழிக்கும் கணத்தில் இருந்த நிலையை அந்த வரிசையில் காட்டும் இரும எண். 3 என்றால் 011, ஃபிளாஷிலிருந்து இயல்பாகத் தொடங்குகிறது. 1 என்றால் 001; அதாவது ஜிபிஐஓ0 தாழ்ந்திருந்ததால், மாட்யூல் ஃபர்ம்வேர் ஏற்றும் நிலைக்குப் போய்விட்டது, அங்கே ‘ஏடி’ கட்டளைக்குப் பொருளே இல்லை. காஸ் 2 என்பது ரீசெட் பின் வழியாக வந்த மறுதொடக்கம், அதாவது உங்கள் நிரல் செய்தது. எஸ்டிஎம்32 பின்களை அமைக்கும் கியூப்எம்எக்ஸ் மென்பொருளில் அவுட்புட் பின்னின் தொடக்க நிலை, நீங்கள் மாற்றாதவரை, லோ என்றே இருக்கும். பிபி0 அப்படித் தாழ்ந்திருக்கும்போது பிபி1-ஆல் ரீசெட் செய்கிறீர்கள். பொத்தானைப் பிடித்திருந்தபோது நிரல் ஓடாததால்தான் 3 வந்தது.

பிபி0-ஐ ஓப்பன் டிரெயினாக (கீழே மட்டும் இழுக்கும் அவுட்புட்) மாற்றி, தொடக்க நிலையை ஹை என்று வைத்து, 10 கிலோ ஓம் புல்-அப் (3.3 வோல்ட்டுக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) கொடுங்கள். ரீசெட் செய்தபின் ‘ரெடி’ வரும்வரை பொறுத்திருங்கள். 74880 வேகத்தில் வரும் வரி உங்கள் 115200 போர்ட்டில் குப்பையாகத்தான் விழும். அதனால் ஓவர்ரன் கொடி (வந்த எழுத்தைப் படிக்கும் முன் அடுத்தது வந்துவிட்டது என்ற அடையாளம்) ஏறி நின்றால், சீரியல் போர்ட்டின் எஸ்ஆர் (நிலை) பதிவகத்தையும் அடுத்து டிஆர் (தரவு) பதிவகத்தையும் படித்து அதை இறக்கிவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. பூட் மோடு (3,7) வந்தது. முதல் முயற்சியில் நீங்கள் சொன்ன ஓவர்ரன் தடுத்தது. கொடியை இறக்கியதும் ‘ஓகே’ வந்துவிட்டது. இருபது முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், ஒரு முறையும் தவறவில்லை. பின்னர் ரெகுலேட்டரைக் கழற்றி, பழையபடி போர்டின் பின்னிலிருந்தே மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். ‘ஏடி’க்குப் பதில் வந்தது, ஆனால் வீட்டு வைஃபையில் சேரும் கட்டளையைக் கொடுத்ததும் மாட்யூல் மறுபடி ரீசெட் ஆனது. ஆகவே ரெகுலேட்டரை மீண்டும் சால்டர் செய்துவிட்டேன்.