சாளை வந்த நாளில் கரையில் கேட்ட பாடம்

விஞ்ஞானி ஒருவரோடு மேடை, மைக் எதுவும் இல்லாமல் சாதாரணமாகப் பேசியிருக்கிறீர்களா என்று கேட்டிருந்தீர்கள். நான் பேசியிருக்கிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குத் தெற்கே பார்க் ரைனி கடற்கரையில், ஈர மணலில் குந்தி உட்கார்ந்து.

நான் தூத்துக்குடிக்காரி. கல்யாணமாகி டர்பனில் இருக்கும் சட்ஸ்வர்த்துக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. ஜூன், ஜூலை வந்தால் இங்கே தமிழ்க் குடும்பங்களில் ஒரே கேள்விதான்: "சார்டின் வந்துருச்சா?" சார்டின் என்றால் நம் சாளைதான். தெற்கே ஈஸ்டர்ன் கேப் மாகாணத்துப் பக்கமிருந்து கரையை ஒட்டி வடக்கே ஏறி வரும் மீன் கூட்டம். மேலே கானெட் பறவைகள் தலைகீழாகப் பாயும். கீழே டால்ஃபினும் சுறாவும் விரட்டி வரும். அவை சிக்கிச் சாகாமல் இருக்க, குளிக்கும் கரைகளில் போட்டிருக்கும் சுறா வலைகளைச் சுறா வாரியம் முன்கூட்டியே எடுத்துவிடும்.

என் கணவரின் பெரியப்பாவை நான் பெரிய மாமா என்பேன். மூன்று தலைமுறையாகக் கரைவலைக் குடும்பம். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து, அந்தக் காலம் முடிந்து டர்பன் துறைமுகத்துக்குள் இருந்த சாலிஸ்பரி தீவில் மீன் பிடித்து வாழ்ந்தவர்களின் வழி. தமிழ் பேச வரும், வாசிக்க வராது. படகு ஒரு சுற்றுச் சுற்றி வலையை விட்டுக் கரையேறிய பிறகு கயிற்றை எத்தனை பேர் எப்படி இழுக்க வேண்டும் என்பதை அவர் இன்னும் நின்று சொல்லிக் கொடுப்பார்.

போன வருடம் அப்படி வலை கரையேறிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் ஐஸ் பெட்டி, சின்னச் சின்னக் குப்பிகள். கடல் உயிரியல் ஆராய்ச்சி செய்பவள். வந்ததும் எதையும் விளக்க ஆரம்பிக்கவில்லை. "அங்கிள், தண்ணி இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். (பேச்சு ஆங்கிலத்தில்தான், என் தமிழில் தருகிறேன்.)

"காலைக் கடிக்குது. கடிச்சாத்தான் சார்டின்."

அவள் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டு எடுத்துக் காட்டினாள். பத்தொன்பது டிகிரி. "நீங்க சொன்னதுதான் இந்த எண்" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் மாமா அவள் பக்கம் முழுசாகத் திரும்பிவிட்டார்.

ஒரு மீனை எடுத்து உள்ளங்கையில் கிடத்தினாள். பக்கவாட்டில் வரிசையாகக் கரும்புள்ளிகள். எங்கள் ஊர்ச் சாளையில் இப்படி வரிசை கிடையாதே என்றேன். அது வேறு இனம் என்று சொல்லிவிட்டு, வால் துடுப்பில் அரிசி மணி அளவு சின்னக் கத்தரியால் வெட்டி, ஆல்கஹால் இருந்த குப்பியில் போட்டாள். சீட்டில் எண்ணைப் பென்சிலால் எழுதினாள். ஏன் பென்சில் என்று கேட்டேன். பேனா மையை ஆல்கஹால் கரைத்துவிடுமாம்.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாள். இந்த நாட்டுக் கடலில் சாளை ஒரே இனம், ஆனால் கூட்டம் இரண்டு. மேற்கே அட்லாண்டிக் பக்கம் இருப்பது குளிருக்குப் பழகியது. தெற்குக் கரையில் இருப்பது கொஞ்சம் வெதுவெதுப்பு தாங்கும். "அங்கிள், நம்ம கரைக்கு வர்றது எதுன்னு நினைக்கிறீங்க?"

"வெதுவெதுப்புக்குப் பழகினதுதான். இது சூட்டுக் கடல் ஆச்சே."

"எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க" என்றாள். ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தாரும் ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து நூற்றுக்கணக்கான மீன்களின் மரபணுவைப் பார்த்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில் தலைகீழாக வந்ததாம். இங்கே வருபவை பெரும்பாலும் அட்லாண்டிக் வழி மீன்கள். ஊட்டிக்காரன் சித்திரை மாதம் தூத்துக்குடிக்கு வந்து நிற்கிற மாதிரி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எப்படி வருகின்றன? குதிகாலால் மணலில் கரையை ஒரு கோடாக இழுத்தாள். தள்ளி ஓர் அகலமான கோடு, வடக்கிலிருந்து தெற்கே ஓடும் சூடான அகுலாஸ் நீரோட்டம். தென்கிழக்குக் கரையில் சில நேரம் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே எழும்புகிறது. குளிரைத் தேடும் மீன் அதற்குள் நுழைகிறது. அந்த எழுச்சி கொஞ்ச நாளில் நின்றுவிடும். பிறகு கரைக்கும் அகுலாஸுக்கும் நடுவில் இருக்கும் ஒடுங்கிய குளிர்ந்த பட்டைதான் அதற்கு இடம். அதிலேயே வடக்கே வந்து, சூடு ஏற ஏற நலிந்து, துரத்துகிறவற்றின் வாயில் விழுகிறது. இதைச் சூழலியல் பொறி என்கிறார்கள்.

சொல்லிக்கொண்டே, அளந்து பார்த்த ஒவ்வொரு விஷயத்துக்கும் மணலில் ஒரு கிளிஞ்சல் வைத்துக்கொண்டு வந்தாள். மரபணுவுக்கு ஒன்று, குளிர்நீருக்கு ஒன்று. பிறகு, பனியுகத்தில் இந்தப் பகுதி குளிர்ந்த கடலாக இருந்தபோது இங்கே வந்து முட்டையிட்ட பழக்கத்தின் மிச்சமாக இது இருக்கலாம் என்றாள். அதற்குக் கிளிஞ்சல் வைக்கவில்லை. "இது ஊகம், அங்கிள். நல்ல ஊகம். ஆனா ஊகம்தான்."

இங்கே ஒரு மண்டபத்தில் நடந்த அறிவியல் கூட்டத்துக்கு முன்பு ஒருமுறை போயிருந்தேன். இரண்டு மணி நேரம் திரையில் வரைபடங்கள் ஓடின. எது நிச்சயம், எது கணிப்பு என்று கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை. மணலில் அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் பிடிபட்டது.

மாமா வெகுநேரம் பேசவில்லை. சின்ன வயதிலிருந்து அவை முட்டையிட வருகின்றன, வயிறு நிறையத் தின்ன வருகின்றன என்று கேட்டு வளர்ந்தவர். "அப்ப இதுங்க சாகவா வருது?" என்று கேட்டார். பிறகு குரலை இறக்கி, "நான் பிடிக்கிறது தப்பாம்மா?"

அவள் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லவில்லை. இந்த நாட்டுச் சாளை மொத்தத்தில் இப்படி வருவது ஒரு சின்னப் பங்குதான் என்றாள். எந்த வருடம் வரவில்லை, அந்த வருடம் எந்தக் காற்று அடித்தது என்று அவரிடம் கேட்டுக் கேட்டு நோட்டில் நான்கு பக்கம் எழுதிக்கொண்டாள். அவர் ஒரு பெட்டி மீனைத் தூக்கி அவள் வண்டியில் வைத்தார். காசு வாங்கவில்லை.

அன்று ராத்திரி புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். சாப்பிடும்போது மாமா ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அட்லாண்டிக்" என்று மட்டும் சொன்னார்.

* * *

கேப் டவுனிலிருந்து ஓர் அனுபவம்:

அக்கா, கிளிஞ்சல் விஷயம் அருமை. எனக்கு கார்னார்வன் ஊரில் ஒரு விடுதிச் சாப்பாட்டு மேசையில் நடந்தது. உள்நாட்டு வறண்ட பகுதியான கரூ பக்கம் குடும்பத்தோடு காரில் போனோம். எதிரே உட்கார்ந்தவர் மீர்கேட் ரேடியோ தொலைநோக்கியில் வேலை செய்யும் வானியலாளர். கிண்ணம் மாதிரி 64 ஆண்டெனாக்கள், ஒவ்வொன்றும் 13.5 மீட்டர் விட்டம், 2018-ல் திறந்தது. அங்கே கட்டிவரும் எஸ்கேஏ என்ற இன்னும் பெரிய ரேடியோ தொலைநோக்கி முடியும்போது இவற்றையும் சேர்த்து 197 கிண்ணங்கள் இருக்கும்.

தொலைநோக்கிப் பக்கம் கைப்பேசியை ஏன் அணைக்கச் சொல்கிறார்கள் என்று என் மகள் கேட்டாள். அவர் ஜன்னலைக் காட்டினார். நிலா இருந்தது. "நிலாவில் ஒரு கைப்பேசியை வைத்து ஆன் செய்தால், எங்கள் கிண்ணத்துக்கு வானத்திலேயே மிகப் பிரகாசமாகத் தெரியும் பொருட்களில் அதுவும் ஒன்றாக இருக்கும்" என்றார். அவர்கள் தேடும் ஒலி அவ்வளவு மெல்லியது. (ஒலி என்று நான்தான் சொல்கிறேன், அவர் உடனே "ஒலி இல்லை, அலை" என்று திருத்தினார்.) ஹைட்ரஜன் அணு 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் வெளியிடும் அலை. 21 சென்டிமீட்டர் எவ்வளவு என்று மகள் கேட்டதற்கு, மேசையில் இருந்த கரண்டியை எடுத்து நீட்டி, "ஏறக்குறைய இவ்வளவு" என்றார். பல கோடி ஒளியாண்டு தாண்டி வரும் ஒன்று ஒரு கரண்டி நீளம்! அதிலிருந்து வீட்டில் கரண்டியை எடுக்கும்போதெல்லாம் அவள் ஹைட்ரஜன் என்கிறாள்.

* * *

தென்னாப்பிரிக்கக் கடற்கரை நகரமான ஈஸ்ட் லண்டனிலிருந்து:

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் 1938 டிசம்பரில் கிடைத்த சீலகாந்த் மீன் இருக்கிறது. அழிந்து கோடிக்கணக்கான வருடம் ஆகிவிட்டது என்று நம்பியிருந்த மீன். இழுவைப்படகில் வந்த மீன் குவியலில் அதை அடையாளம் கண்டவர் அந்த அருங்காட்சியகத்தின் அன்றைய பொறுப்பாளர் மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர். இதை எனக்கு விளக்கியவர் அங்கே மீன்களை ஆராயும் ஒருவர். அவர் வேலை முடிந்து கிளம்பும் நேரம். என் பையன் "துடுப்பு ஏன் கால் மாதிரி இருக்கு?" என்று கேட்டதும் பையைக் கீழே வைத்துவிட்டு, தரையில் முழங்கையை ஊன்றி, அந்தத் துடுப்பு எப்படி அசையும் என்று செய்து காட்டினார்.

* * *

முதலில் எழுதியவள்தான். மாமா எப்படி இருக்கிறார் என்று தனியே கேட்டிருந்தார்கள். நன்றாக இருக்கிறார். அந்தப் பெண் போகும்போது தெர்மாமீட்டரை அவரிடமே விட்டுவிட்டுப் போனாள். இந்த ஜூனில் அதை ஒரு நைலான் கயிற்றில் கட்டி, தினமும் காலை ஆறு மணிக்குத் தண்ணீரில் விடுகிறார். எண்ணை நான் அவளுக்கு வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். ஆனால் எண்ணைப் பார்ப்பதற்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, முதலில் கடிக்கிறதா இல்லையா என்று சொல்வார். அதையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள்.