பறுவத்துக்கு (பௌர்ணமிக்கு) ஆக்கள்ட குணம் மாறுமா?

உப்புவெளிப்பொடியன்:
பறுவம் கிட்ட வந்தாலே எங்கட அம்மம்மா "இண்டைக்கு அவரோட வாய் குடுக்காத" எண்டு பக்கத்து வீட்டு மாமாவக் காட்டிச் சொல்லுவா, நானும் பாத்தன் மனுசன் அண்டைக்கு கொஞ்சம் கூடத்தான் கத்துறார். கடலையே இழுக்குற நிலா எங்கட உடம்புத் தண்ணிய இழுக்காதா?

நைட்டியூட்டி:
ஆஸ்பத்திரி வாட்டுல நாங்களும் பறுவம் எண்டா கேஸ் கூட எண்டுதான் கதைப்பம். ஆனா 1985ல ரொட்டன், கெல்லி எண்ட ரெண்டு பேர் 37 ஆய்வ ஒண்டாச் சேத்துப் பாத்து, சொல்லுறமாதிரி தொடர்பு ஒண்டும் இல்ல எண்டுட்டாங்க. சும்மா போன பறுவத்த ஆர் ஞாபகம் வச்சிருக்கிறது?

கொட்டியாரக்காத்து:
தண்ணிக் கதை சரிவராது தம்பி. கடல் பெருக்கு அமாவாசைக்கும் கூடத்தான், அப்ப மாமா அதுக்கும் கத்தோணுமே? அதோட எங்கட குடாவுல பெருக்கே ஒரு மீற்றர் வராது, உடம்புல என்னத்த இழுக்கிறது. வெளிச்சம் வேற கதை, நிலாக்காலத்தில லைட் வச்சுப் பிடிக்கிறவங்களக் கேளுங்க, மீன் சேராது. நித்திரையும் அப்பிடித்தான், 2021ல வந்த ஆய்வு ஒண்டுல ஆர்ஜென்டினா தோபா பழங்குடிச் சனம், சியாட்டில் கம்பஸ் பொடியள் எல்லாரும் பறுவத்துக்கு முந்தின இரவுகள்ல பிந்திப் படுத்து குறையத்தான் நித்திரை கொண்டிருக்கிறாங்க.

உப்புவெளிப்பொடியன்:
அப்ப மாமாக்கு நித்திரை இல்லாத கோவமோ 😄

நைட்டியூட்டி:
பறுவம் எண்டா போயா லீவு, பார் பூட்டு எல்லோ, அதையும் யோசிங்க. ஒரு மூண்டு மாசம் கலண்டர்ல அவர் கத்துற நாளெல்லாம் குறிச்சுப் பாருங்களன், அவருக்குத் தெரியாம.