ஊட்டிக் கடையில் இருக்கும் ஏப்ரன் 33ஆம் டிகிரியா?

கேத்தி வேலன்
ஊட்டியில் ஒரு பழம்பொருள் கடையில் வெள்ளை ஆட்டுத்தோல் ஏப்ரன் ஒன்று விலைக்கு இருக்கிறது. சுற்றிலும் கருஞ்சிவப்பும் கருநீலமும் மாறி மாறி, ரம்பப் பல் மாதிரி முக்கோணக் கரை. மேல் மடிப்பில் ஒரு பட்டு முக்கோணம், அதற்குள் மூன்று ஆங்கில ‘டி’ (T) எழுத்துகளை அடியில் ஒட்டவைத்தது போல ஒரு குறி. சீட்டில் ‘33ஆம் டிகிரி ஃப்ரீமேசன், பிரிட்டிஷ் காலம்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஃப்ரீமேசன் சங்கத்தில் சடங்கு செய்து ஏறும் படியைத்தான் டிகிரி என்கிறார்கள்; 33தான் உச்சப்படி, அதனால் கேட்கும் விலை நியாயம்தான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணம் சொல்லி மறுங்கள்.

குன்னூர் மூலைமட்டம்
சீட்டு தப்பு, வேலன். நீங்கள் சொல்லும் கரையும் மூன்று ‘டி’ குறியும் ராயல் ஆர்ச் என்ற மேசன் சடங்குப் பிரிவுக்கு உரியவை. மேசன்கள் கூடும் சங்கக் கிளைக்கு லாட்ஜ் என்று பெயர்; ராயல் ஆர்ச் கூட்டத்துக்கு அந்தப் பெயர் இல்லை, சேப்டர் என்பார்கள். இதே முக்கோணக் கரையோடு தோளில் போடும் பட்டை ஒன்றும் உண்டு. கடைக்காரரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள், இரண்டும் ஒரே பெட்டியில்தான் வந்திருக்கும்.

அடிப்படை லாட்ஜின் ஏப்ரன் வேறு. ஆங்கில முறையில் முதல் டிகிரிக்கு வெறும் வெள்ளை. இரண்டாவதுக்குக் கீழ் மூலைகளில் இரண்டு வெளிர்நீலப் பூ. மூன்றாவதுக்கு வெளிர்நீலக் கரை, மூன்று பூ, இரு பக்கமும் ஏழேழு சங்கிலி தொங்கும் வெள்ளிக் குஞ்சம். லாட்ஜ் தலைவராக இருந்தவர் என்றால் பூ இருந்த இடத்தில் கவிழ்த்த ‘டி’ மூன்று இருக்கும்.

கேத்தி வேலன்
சரி, ராயல் ஆர்ச் என்றே வைத்துக்கொள்வோம். அது எத்தனையாவது படி? நான்கா? அப்படியென்றால் 33 அதற்கு 29 படி மேலேதானே? அமெரிக்காவில் 32 வரை ஏறியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்களே, அவர்கள் எல்லாம் உங்கள் மூன்றாம் டிகிரிக்காரருக்குச் சமமா?

குன்னூர் மூலைமட்டம்
சமம்தான். கல்லட்டி ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறது. அதற்காக 33ஆம் வளைவு தொட்டபெட்டாவை விட உயரம் ஆகிவிடுமா?

1813இல் இங்கிலாந்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு கிராண்ட் லாட்ஜ்களும் (லாட்ஜ்களை ஆளும் தலைமை அமைப்புகள்) சேர்ந்தபோது எழுதிவைத்த வாசகம் இதுதான்: பழைய மேசன் முறையில் மூன்றே டிகிரி, அதிகம் இல்லை. அப்ரெண்டிஸ், ஃபெலோ கிராஃப்ட், மாஸ்டர் மேசன். ராயல் ஆர்ச் இவற்றில் அடங்கும். ஆகவே அதற்கு நான்கு என்ற எண் கிடையாது. மாஸ்டர் மேசன் ஆகி நான்கு வாரம் கழிந்தால் சேப்டரில் சேரலாம்.

33 வரை எண்ணுவது ஸ்காட்டிஷ் ரைட் என்ற தனி ஏற்பாடு. 1801இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் அதன் தலைமைச் சபை அமைந்தது. சடங்குகள் பெரும்பாலும் பிரெஞ்சு வழி வந்தவை. பெயரைப் பார்த்து ஸ்காட்லாந்து லாட்ஜ்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், பாதிப் பேர் வழுக்குவது இங்கேதான். அது மூன்றாம் டிகிரியை முடித்தவரை வாங்கிக்கொண்டு 4இலிருந்து எண்ண ஆரம்பிக்கிறது. 33 என்பது அழைத்துக் கொடுக்கும் கௌரவம். அதை வாங்கியவரும் லாட்ஜுக்கு வந்தால் அங்கே தலைவர் சுத்தியைத் தட்டும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

கொடை குறிஞ்சி
மூலைமட்டம் சார், நீங்கள் சொல்வது இங்கிலாந்துக் கணக்கு. அதையே உலகக் கணக்கு மாதிரிச் சொல்கிறீர்களே, அங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை.

1961 நவம்பர் 24இல் இந்தியக் கிராண்ட் லாட்ஜ் வரும்வரை இந்த நாட்டில் லாட்ஜ்களுக்கு ஆங்கில, ஸ்காட்டிஷ், ஐரிஷ் கிராண்ட் லாட்ஜ் என்று மூன்று ஆட்சி. அதற்குப் பிறகும் சில லாட்ஜ்கள் பழைய ஆட்சியிலேயே இருந்துகொண்டன. மார்க் என்ற இன்னொரு மேசன் டிகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 1856இல் அதற்கென்றே தனி கிராண்ட் லாட்ஜ் வைத்தார்கள், அதனால் அங்கே அது வெளிக்கிளை. ஸ்காட்லாந்தில் அதே மார்க் இரண்டாம் டிகிரியின் மறுபாதி. சாதாரண லாட்ஜிலேயே கொடுப்பார்கள். ஒரே சடங்கு ஒரு வீட்டில் திண்ணை, இன்னொரு வீட்டில் நடுக்கூடம். இதில் எது ‘அடிப்படை’, எது ‘பக்கக் கிளை’ என்று நீங்கள் எப்படிக் கோடு போடுவீர்கள்?

ஏப்ரனுக்கும் இது பொருந்தும். ஸ்காட்டிஷ் லாட்ஜ் ஒவ்வொன்றும் தனக்கென்று நிறம் வைத்துக்கொள்ளும். பச்சையோ சிவப்போ கண்டதும் ‘மேல் டிகிரி’ என்று விலை ஏற்றுவார்கள். மேல் மடிப்பைப் பாருங்கள்: அரைவட்டமாக இருந்தால் ஸ்காட்டிஷ், முக்கோணமாக இருந்தால் ஆங்கில முறை.

குன்னூர் மூலைமட்டம்
மார்க் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். என் கவலை வேறு. மலையூரில் லாட்ஜ் நடத்த ஆள் கொஞ்சம். தலைவர், இரண்டு வார்டன், இரண்டு டீக்கன், உள்காவலர், வாசலில் டைலர், செயலாளர், பொருளாளர் என்று எண்ணினால் சடங்குக்கே ஒன்பது பேர் வேண்டும், எல்லாம் மனப்பாடம். அதே ஒன்பது பேரை மார்க்குக்கும் சேப்டருக்கும் ரோஸ் க்ராயுக்கும் இழுத்தால் சந்தா நான்கு மடங்கு, மனப்பாடம் நான்கு மடங்கு, கடைசியில் முதல் டிகிரிச் சடங்கு தாளைப் பார்த்துப் படிக்கிற கதி.

வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்கு வரும் அதிகாரியை நினைத்துப் பாருங்கள். இருக்கப்போவது பத்துப் பதினோரு மாதம். ஆங்கில விதிப்படி முன்மொழிபவர், வழிமொழிபவர், பிறகு பந்து வாக்கு (மூன்று கறுப்புப் பந்து விழுந்தால் கதவு மூடியது, துணைவிதி வைத்து ஒன்று, இரண்டு என்றும் குறைக்கலாம்). டிகிரிக்கும் டிகிரிக்கும் குறைந்தது நான்கு வாரம். கேள்விகளுக்குப் பாடம் ஒப்பிக்காமல் அடுத்த டிகிரி இல்லை. மாதக் கூட்டம் என்றால் ஜூனில் மனுக் கொடுத்தவர் தீபாவளி வாக்கில் மூன்றாவதைத் தொடலாம். அந்த மாதங்களில்தான் மலைப்பாதையில் மண் சரியும், கூட்டம் தள்ளிப்போகும். வருஷத்துக்கு ஐந்தே கூட்டம் உள்ள லாட்ஜ் என்றால் கணக்கு இன்னும் இடிக்கும். அப்போது ஒரு வழி, தலைவர் எழுத்து மூலம் கேட்டு வேறு லாட்ஜில் மிச்ச டிகிரியைக் கொடுக்கச் சொல்வது. இவரிடம் போய் “மார்க்கும் சேர்ந்துகொள்ளுங்கள்” என்பது நியாயமா?

கொடை குறிஞ்சி
அவருக்குத்தான் மார்க் அவசியம்! இடமாற்றம் ஆகிப் போகிற ஊரில் சேப்டர் ஸ்காட்டிஷ் ஆட்சியில் இருந்தால் மார்க் இல்லாமல் ராயல் ஆர்ச் கிடையாது. எதை முதலில் என்று கேட்டால் மார்க்கை முதலில் முடித்துவிட்டுச் சேப்டருக்குப் போவது எங்கும் செல்லும். தலைகீழாகப் போனவர்தான் பிறகு வாசலில் நிற்பார்.

ரோஸ் க்ராய் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு பாதி சரி. 33 வரை எண்ணும் ஏற்பாட்டின் இங்கிலாந்து முறையில் அது 18ஆம் டிகிரி, திரித்துவத்தை ஏற்கும் கிறிஸ்தவருக்கு மட்டும். அடிப்படை லாட்ஜில் கீதை, குர்ஆன், பைபிள் எல்லாம் மேஜை மேல் இருக்கும். அங்கே உட்கார்ந்தவரில் பாதிப் பேருக்கு இந்தக் கதவு திறக்காது. அதே முறையில் 30ஆவது, ரோஸ் க்ராய் சேப்டரின் தலைமை நாற்காலியில் இருந்தவருக்குத்தான்; 31 முதல் 33 வரை எண்ணிக்கை வைத்துக் கொடுப்பது. ஆகவே இந்த மலையில் 33ஆம் டிகிரிச் சாமான் கடையில் தொங்குவது அபூர்வம். வேலன் இதைக் கடைக்காரரிடம் சொல்லலாம்.

கோத்தகிரி சாம்பிராணி
ஒரு சந்தேகம். அன்னி பெசன்ட் 1917இல் ஊட்டியில்தான் காவலில் இருந்தார், அவரும் மேசன் என்பார்களே. அந்த ஏப்ரன் அந்த வகையாக இருக்குமா?

குன்னூர் மூலைமட்டம்
பெசன்ட் 1902இல் பாரிஸில் சேர்ந்தது ஆண் பெண் இருவருக்குமான கோ-மேசன்ரி. அதை இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் அங்கீகரிப்பதில்லை. அவர்களிடமும் ராயல் ஆர்ச் உண்டு என்பதால் கரையை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஏப்ரனின் பின்பக்கம்தான் பேசும்.

வேலன், மடிப்புக்குள்ளும் பின்புறத் துணியிலும் தையல்காரர் முத்திரை, பெயர், எண் இருக்கிறதா பாருங்கள். ஆங்கில சேப்டர் ஒவ்வொன்றும் ஒரு லாட்ஜோடு சேர்ந்தது, அதன் எண்ணையே வைத்துக்கொள்ளும். எண் கிடைத்தால் லாட்ஜும் கிடைத்த மாதிரி. ஒரே எச்சரிக்கை: 1863இல் ஆங்கில லாட்ஜ் எண்களை மொத்தமாக மாற்றினார்கள். அதற்கு முந்திய சாமான் என்றால் அதே எண் இன்று வேறு லாட்ஜைக் காட்டும்.

வாங்கினால் துவைத்துவிடாதீர்கள், தோல் சுருங்கிச் சாயம் வெள்ளையில் இறங்கும். நம்ம ஊர் ஈரத்துக்கு மடித்துப் பீரோவில் வைத்தால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை. தட்டையாக விரித்து, பருத்தித் துணி சுற்றி, சிலிக்கா பொட்டலம் போட்டு வையுங்கள்.

கேத்தி வேலன்
கடைக்குப் போய்ப் பார்த்தேன். மடிப்பு முக்கோணம். உள்ளே துணி நாடாவில் மையில் ஒரு பெயரும் மூன்று இலக்க எண்ணும். நடு இலக்கம் அழிந்திருக்கிறது. தோள்பட்டையும் இருந்தது, அதை ‘ராஜா பெல்ட்’ என்று தனி விலை போட்டு மாட்டியிருக்கிறார். 33 இல்லை என்றதும் கடைக்காரர் சிரித்துக்கொண்டே சீட்டில் 18 என்று திருத்தினார்.