சத்தமும் இருட்டும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளுக்குக் கோளரங்கக் காட்சி: என்ன மாற்றலாம்?

தென்னங்கீற்று:
சிறப்புப் பள்ளியில் 5 மீட்டர் காற்றுக் கூடாரம் போட்டு, ஸ்டெல்லேரியம் என்ற வானம் காட்டும் கணினி மென்பொருளில் பூமி, நிலா, சூரியன் காட்டப்போகிறோம். 12 பிள்ளைகள், பெரும்பாலும் ஆட்டிசம். கூடாரத்துக்குக் காற்றடிக்கும் ப்ளோயரின் இரைச்சலும் திடீர் இருட்டும் சிலருக்கு ஆகவே ஆகாது. என்ன செய்யலாம்?

வடமீன்:
ப்ளோயரை நிறுத்தினால் கூடாரம் தொய்ந்துவிடும். அதனால் பிள்ளைகள் வருவதற்கு முன்பே ஓடவிடுங்கள். தொடர்ந்து கேட்கும் சத்தத்தைவிட அது சட்டென்று கிளம்புவதுதான் தூக்கிவாரிப்போடும். காற்றுக் குழாயை நீளமாக்கி ப்ளோயரைத் தள்ளி வைத்து, அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள். பின்னணி இசை வேண்டாம், நேரில் பேசும் குரல் போதும். ஒரு தடவைக்கு 6 பேர். வாசலில் ஒருவர் நிற்கட்டும், எழுந்து போக நினைக்கும் பிள்ளையை யாரும் தடுக்கக்கூடாது.

இருட்டுக்கு ஸ்டெல்லேரியத்தில் 'எல்' விசை. ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் நேரம் 10 மடங்கு வேகமாக ஓடும். சென்னை வானத்தில் சூரியன் மறைந்து முழுக்க இருட்ட ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் ஆகும். 10 மடங்கில் அது ஏழரை நிமிடம், கண் பழகிவிடும். இரண்டு தடவை அழுத்தினால் முக்கால் நிமிடத்தில் இருட்டிவிடும். மூன்றாவது வேண்டவே வேண்டாம். ஒன்றரை நிமிடத்தில் வானம் முழுச் சுற்று வந்துவிடும், தரையே சுழல்வதுபோல் குமட்டும். 'கே' அழுத்தினால் இயல்பு வேகம். நேரத்தை மாற்றி இரவிலிருந்து பகலுக்குத் தாவாதீர்கள், அந்த வெளிச்சம் கண்ணில் அறையும்.

கார்த்திகைக்கூட்டம்:
வடமீன் சார் சொன்னதோடு, ஓரத்தில் தரையைப் பார்த்தபடி மஞ்சள் எல்இடி பட்டை ஒன்று. மலிவான டிம்மர் மாட்டாதீர்கள். வெளிச்சத்தைக் குறைத்தால் துடிக்கும். நமக்குத் தெரியாத அந்தத் துடிப்பு சில பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். பட்டையின் மேல் மெல்லிய துணி சுற்றினால் போதும்.

பிறையை உள்ளே போகுமுன் கையிலேயே காட்டிவிடுங்கள். சூரியனுக்கு ஒரு குண்டு பல்பு, நிலாவுக்குக் குச்சியில் செருகிய பந்து, பிள்ளையின் தலைதான் பூமி. பந்தை நீட்டிப் பிடித்தபடி பிள்ளை நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்ற வேண்டும். தெர்மாகோல் உருண்டை கிறீச்சிடும், அந்தச் சத்தத்துக்கே காதைப் பொத்துவார்கள். டேபிள் டென்னிஸ் பந்துக்குள் ஒளி புகுந்து பிறையின் விளிம்பு மங்கும். பளபளப்பில்லாத வெள்ளை ரப்பர் பந்துதான் சரி.

தென்னங்கீற்று:
பௌர்ணமி வரும் இடத்தில் தலை நிழல் பந்தை மறைக்கிறதே?

கார்த்திகைக்கூட்டம்:
பந்தைத் தலைக்குச் சற்று மேலே பிடிக்கச் சொல்லுங்கள். நிலாவின் பாதையும் சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால்தான் மாதாமாதம் கிரகணம் வருவதில்லை. தொலைவையும் காட்டலாம்: கூடைப்பந்து பூமி என்றால் டென்னிஸ் பந்து நிலா, இடையில் 7 மீட்டர் கயிறு. கயிற்றைப் பிடித்தபடி நடக்க விடுங்கள். கூடாரத்துக்குள் வர மறுக்கும் பிள்ளைக்கு அன்றைய காட்சி அதுவாகவே இருக்கட்டும்.