உபதேசியார் கல்லறைக்குக் கல்: மஸ்கட் தம்பிக்குப் பதில்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்குத் தோத்திரம்.

மஸ்கட் தம்பி போன வாரம் எழுதிய மடலை இரண்டு முறை படித்தேன். கல்லறைத் திருநாளுக்குள், நமக்கெல்லாம் ஞானோபதேசம் (வேதபாடம்) சொல்லிக்கொடுத்த உபதேசியார் கல்லறைக்கு ஒரு கல் வைக்கலாம் என்று நாங்கள் சில பேர் சொன்னதற்கு, "அவர் வேதத்துக்காகச் சாகவில்லையே அக்கா, கிணற்றில் மூச்சு முட்டித்தானே போனார்? வேதசாட்சிக்கு வைக்கிற மாதிரி கல் எதற்கு?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. தம்பி அப்போது பிறக்கவே இல்லை. அதனால் முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஏழாவது படித்த வருடம், சித்திரை மாதம். கிணறுகள் எல்லாம் தரை தட்டிவிட்டன. மேட்டுக்காட்டுக் கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க ஆயில் இன்ஜினையும் உள்ளே இறக்கி, பாதி ஆழத்தில் பாறையைச் செதுக்கி ஒரு மேடை கட்டி, அதில் உட்கார வைத்திருந்தார்கள். விடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் திடீரென்று நின்றது. என்னவென்று பார்க்க ஒரு பையன் இறங்கினான். பதினைந்து வயது இருக்கும். பக்கத்துக் கொட்டாய்ப் பிள்ளை, நம் வேதக்காரர்கள் இல்லை. மேடைக்குப் போனவன் அப்படியே இன்ஜின் மேல் சாய்ந்துவிட்டான். பின்னாலேயே இறங்கிய அவன் மாமன் பாதிப் படியில் தலை சுற்றித் தடுமாற, அவரை மேலே இழுத்துப் போட்டார்கள். அப்புறம் யாருக்கும் இறங்கத் துணிவு வரவில்லை.

அது சனிக்கிழமை. எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க உபதேசியார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். பையிலிருந்த மந்திரப் புத்தகங்கள் மண்ணில் சிதறின. நானும் இன்னொரு பிள்ளையும் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு நின்றோம். துண்டை நனைத்து வாயில் கட்டிக்கொண்டார். வடக்கயிற்றை இடுப்பில் முடிந்துகொண்டார். மயங்கிக் கிடந்த மாமனை ஒரு முறை பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, இறங்கிவிட்டார்.

கிணற்று விளிம்பில் நின்றவர்கள் பார்த்தது இது. மேடைக்குப் போனதும் தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். பையனைத் தூக்கி நிறுத்தி, அவன் அக்குளுக்குக் கீழே இரண்டு சுற்றுச் சுற்றி முடி போட்டார். கயிற்றை இரண்டு தடவை உலுக்கினார். பையன் மேலே வந்தான், உயிர் இருந்தது. கயிறு மறுபடி கீழே போனபோது அவர் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கயிறு அவர் கைக்குப் பக்கத்திலேயே தொங்கியது. கை எழவில்லை.

ஆஸ்பத்திரி வார்டில் இத்தனை வருடம் நின்றவள் என்பதால் இதைச் சொல்கிறேன். இன்ஜின் புகையில் இருப்பது கார்பன் மோனாக்சைடு. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்ளும். ஈரத்துண்டு இதைத் தடுக்காது. கை கால் முதலில் துவண்டுவிடும், அதனால் புரிந்த பிறகும் ஏறி வர முடியாது. அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கமும் இதற்கு உதவாது. கரியமில வாயு நிறைந்திருந்தால் விளக்கு அணையும், இந்த வாயுவுக்கு அணையாது. ஊரில் கிணறு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் தயவுசெய்து இதைச் சொல்லி வையுங்கள்.

சரி, தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

வேதசாட்சி என்றால் நமக்கெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டுண்ட அருளானந்தர். அப்புறம் தேவசகாயம் பிள்ளை. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுடப்பட்டவர். 2022 மே 15 அன்று ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததை நம்மில் பாதிப் பேர் வேலை இடத்தில் போனில் பார்த்து அழுதோம். விசுவாசத்தை விடச் சொன்னார்கள், விடவில்லை, கொன்றார்கள். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் தம்பி கேட்ட இதே கேள்வி திருச்சபைக்குள்ளேயே எழுந்திருக்கிறது. மாக்சிமிலியன் கோல்பே சாமியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1941 ஜூலைக் கடைசியில் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து ஒரு கைதி தப்பிவிட்டார் என்று, பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்ல நாஜிகள் பிரித்து நிறுத்தினார்கள். அதில் கயோவ்னிசெக் என்பவர் "என் மனைவி, என் பிள்ளைகள்" என்று கதறினார். கோல்பே வரிசையை விட்டு முன்னால் வந்து, இவருக்குப் பதில் நான் போகிறேன் என்றார். இரண்டு வாரம் பட்டினி. அப்போதும் உயிர் இருந்ததால் ஆகஸ்ட் 14 அன்று விஷ ஊசி போட்டுக் கொன்றார்கள். 1971-ல் ஆறாம் பவுல் பாப்பரசர் அவருக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கொடுத்தபோது வேதசாட்சி என்ற கணக்கில் கொடுக்கவில்லை. விசுவாசத்தின் மேல் இருந்த பகையால் கொல்லப்பட்டார் என்று நிரூபிக்க முடியவில்லை. ஒரு மனிதனுக்காகச் செத்தார், அவ்வளவுதான் என்றார்கள். 1982 அக்டோபர் 10 அன்று புனிதர் பட்டம் கொடுத்த இரண்டாம் ஜான் பால் பாப்பரசர்தான் அந்த முடிவை மீறி, இவர் வேதசாட்சியே என்று அறிவித்தார். கயோவ்னிசெக் அன்று அந்தக் கூட்டத்தில் நேரில் இருந்தார். அதற்குப் பிறகும் 1995 வரை வாழ்ந்தார்.

2017 ஜூலை 11 அன்று பிரான்சிஸ் பாப்பரசர் இன்னொரு கதவையும் திறந்தார். சாவு நிச்சயம் என்று தெரிந்தே, அன்பினால், தானாக மனம் ஒப்பிப் பிறருக்காக உயிரைக் கொடுத்தவர்களுக்கும் புனிதர் நிலைக்குத் தனி வழி உண்டு என்று எழுதினார். ஆதாரம் யோவான் 15:13, நண்பருக்காக உயிரைக் கொடுப்பதைவிடப் பெரிய அன்பு இல்லை என்ற அதே வசனம். நம் உபதேசியார் எத்தனை அடக்கப் பூசையில் அதை வாசித்திருப்பார்!

அவருக்குப் பட்டம் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேதசாட்சி என்று கல்லில் பொறிக்கவும் கேட்கவில்லை. ஆனால் "கிணற்றில் மூச்சு முட்டித்தானே" என்பதில் அந்தத் 'தானே' எனக்கு வலித்தது தம்பி. மாமன் மயங்கிக் கிடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவர் இறங்கினார். இடுப்பில் இருந்த கயிறு அவர் திரும்பி வரும் வழி. அதை அவிழ்த்து, யார் பெற்ற பிள்ளைக்கோ கட்டினார்.

அப்புறம், நாம் எந்த மண்ணில் பிறந்தோம் என்பதையும் யோசியுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் காட்டு ஓரங்களில் வில்லும் வாளும் பிடித்து நிற்கிற நடுகற்களை எத்தனை பார்த்திருக்கிறோம். வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்களே, அவற்றில் பல பல்லவர் காலத்து வீரர்கள். தருமபுரி அருங்காட்சியகத்திலும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ராஜாக்கள் இல்லை. ஊர் மாடுகளைப் பகைவர் ஓட்டிப் போனபோது மீட்கப் போய் விழுந்தவர்கள், ஊருக்குள் வந்த புலியோடு மோதிச் செத்தவர்கள். தொறு மீட்டுப் பட்டான், அதாவது மாட்டு மந்தையை மீட்டுச் செத்தான் என்று ஒரே வரி எழுதி நட்டிருக்கிறார்கள். மாட்டுக்காக உயிர் கொடுத்தவனுக்கே கல் நட்ட பூமி இது. பர்கூர்ப் பக்கத்துக் கிரானைட் கப்பல் ஏறி உலகமெல்லாம் போகிறது. உபதேசியார் தலைமாட்டில் இன்னும் செல்லரித்த மரச்சிலுவைதான் நிற்கிறது, சுற்றிலும் பார்த்தீனியம்.

அந்தப் பையனுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். வருடா வருடம் நவம்பர் 2 அன்று சாயங்காலம், நம் சனமெல்லாம் மெழுகுவர்த்தி ஏற்றி, சாமியார் மந்திரித்துவிட்டுப் போன பிறகு, மாலையோடு வந்து கற்பூரம் கொளுத்திவிட்டுப் போகிறார். நானே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். கல் வைக்கிற செய்தி தெரிந்ததும், முழுச் செலவும் என்னுடையது என்று ஆள் அனுப்பினார்.

நேற்று உபதேசியார் வீட்டம்மாவிடம் போனில் பேசினேன். காது மந்தம், மகள் பக்கத்தில் இருந்து எடுத்துச் சொன்னாள். படம் வேண்டாம், பேரும் தேதியும் போதும், அடியில் "கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தவர்" என்று ஒரு வரி போடலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "போடுங்க" என்றார். செலவைப் பற்றிக் கேட்டதற்கு, "அந்தப் புள்ளைகிட்ட காசு வாங்காதீங்க. கல்லு நடுறப்போ அவன் வந்து ஒரு கை புடிச்சா போதும்" என்றார்.

பங்குச்சாமி சம்மதித்துவிட்டார். அக்டோபர் கடைசி ஞாயிறு பூசை முடிந்ததும் நடலாம் என்று எண்ணம். பணம் நம் ஊர்ச் சங்கக் கணக்கிலிருந்தே எடுக்கலாமா, மாற்றுக் கருத்து உண்டா என்று இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். மஸ்கட் தம்பி, உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

மேட்டுத் தெரு அக்கா,
குவைத்